சுற்றந்தழால்: ஒரு மைதானக் குறிப்பு

திருக்குறளின் பொருட்பாலில் 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது, எப்படி ஆராய்ந்து ஒப்படைப்பது என்று பேசும் அதிகாரம் அது. அடுத்தது, 53ஆம் அதிகாரம், சுற்றந்தழால். சூழ இருப்பவர்களை விட்டுவிடாமல் தழுவிக்கொள்வதைப் பேசுவது. பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் இவ்விரண்டையும் நடத்தி வருகிறேன். இவை ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. உறையூரில் ஒரு திடலில், கையில் சுண்ணாம்பு வாளியோடு நின்ற ஒரு காலை நேரத்தில் எழுந்தது.

கதையைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொன்னால் அது உபதேசமாகிவிடும். கதையோ என் பிழையைப் பற்றியது. ஆகவே உபதேசம் செய்யும் தகுதியும் எனக்கில்லை. இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

*

நாங்கள் ஆடுவது பூப்பந்து. பெயரைக் கேட்டு இறகுப்பந்து என்று எண்ணிவிட வேண்டாம். இது மஞ்சள் நிறக் கம்பளி நூலால் ஆன பந்து; எடை 27 முதல் 30 கிராம். ஆடுகளம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் 1856 வாக்கிலேயே இதை ஆடினர் என்று இந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் தொடங்குவது வழக்கம். 1954இல் இதற்கென அகில இந்திய அளவில் சம்மேளனம் அமைந்தது. 1970இல் வாரங்கல்லைச் சேர்ந்த பிச்சய்யா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். நம் மண்ணில் தோன்றிய ஆட்டம், நம் பள்ளிகளில் இன்றும் போட்டி நடக்கிற ஆட்டம். ஆனால் பள்ளியை விட்டு வந்த பிறகு இதைத் தொடர்ந்து ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காற்றில்லாத உள்ளரங்கில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து இறகுப்பந்து ஆடுவதுதான் இப்போது நகரத்து வழக்கம். இறகுப்பந்தைக் காற்று அலைக்கழிக்கும். கம்பளிப் பந்து அவ்வளவு எளிதாக வழிதவறாது. ஆடிக் காற்று புழுதியை அள்ளி வீசும் திருச்சியில் வெட்டவெளியில் ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை என்பது என் துணிபு.

எங்கள் குழுவில் பதினான்கு பேர். வயது 24 முதல் 61 வரை. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், வங்கி ஊழியர் இருவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், செல்பேசிக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள், நான், இப்படி. உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு திடலில் காலை ஐந்தே முக்காலுக்குக் கூடுவோம். ஏழே காலுக்குக் கலைவோம். மாதச் சந்தா பந்துக்கும் வலைக்கும் போகும். பனிக்காலத்தில் ஈரம் ஏறிப் பந்தின் நூல் பிரிந்துவிடும். அந்த மாதங்களில் சந்தா போதாது.

என்னை இந்தக் குழுவுக்குத் தலைவனாக்கியது என் ஆட்டமன்று. மேடையில் பேசத் தெரிந்தவன், எல்லோருடைய தொலைபேசி எண்ணும் வைத்திருப்பவன் என்ற இரண்டு தகுதிகளே. நானும் மறுக்கவில்லை. நாற்பதைக் கடந்த ஆண்களுக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் கிடைக்காத ஒரு பதவி மைதானத்தில் கிடைக்கும்போது மறுக்க மனம் வருவதில்லை.

தலைவனான புதிதில் நான் செய்தது ஊக்கவுரை. யானையைக் கோழி வென்ற ஊர் இது, அதனால்தான் உறையூருக்குக் கோழி என்று பெயர் என்ற பழங்கதையை ஆட்டத்துக்கு முன் எடுத்துவிடுவேன். முதல் நாள் அனைவரும் கேட்டார்கள். இரண்டாம் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஆட்டோக்காரத் தம்பி, "சார், கோழி ஜெயிச்சது சரி, அது காலைல ஸ்கூல் சவாரிக்குப் போகணுமா? ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றார். முதல் பாடம் அது. பெரியவர்களின் குழுவுக்கு ஊக்கவுரை தேவைப்படுவதில்லை. ஐந்தே முக்காலுக்குப் படுக்கையை விட்டு எழுந்து வந்திருப்பதே அவர்களுடைய ஊக்கத்துக்குச் சான்று. அந்த ஊக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால் போதும். கெடுப்பது எப்படி என்பதை நான் விரைவில் கற்றேன்.

*

எங்கள் பதினான்கு பேரில் ஒருவர் முன்பு கைத்தறி நெய்தவர். உறையூரில் தறிச் சத்தம் அடங்கிய பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். வயது ஐம்பத்தாறு. இரவுப் பணியை முடித்துவிட்டு நேரே திடலுக்கு வருவார். நாங்கள் வருமுன் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்டியிருப்பார். வலை கிழிந்தால் ஊசியும் நூலும் எடுத்து அவரே பின்னுவார். அந்தக் கை ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆட்டத்தில் வலையருகே நிற்பார். முழங்கால் வலி உண்டு, ஓட முடியாது. ஆனால் வந்த பந்தை மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி ஆளில்லாத இடத்தில் இறக்குவார்.

இந்த வேலைகளையெல்லாம் அவர் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எங்கள் குற்றம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கலை ஒட்டி அடுத்த மாவட்டத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். எங்களுக்கு ஆசை வந்தது. எனக்கு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. வண்டியில் எட்டுப் பேருக்குத்தான் இடம். தெரிந்துவினையாடலை வகுப்பில் நடத்துகிறவன் அல்லவா? வேகம், வயது, கடைசி மாத ஆட்டம் எல்லாவற்றையும் எடைபோட்டு எட்டுப் பெயர்களை எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கினேன். தறிக்காரர் பெயர் அதில் இல்லை.

போட்டியில் முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு செட்டிலும் தோற்றுத் திரும்பினோம். திங்கட்கிழமை காலை திடலுக்குப் போனபோது கோடு இல்லை. வலை சுருட்டிக் கிடந்தது. ஆளாளுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தேடி எடுத்து நான் ஒரு கோடு போட்டேன். அது பாம்பு போன வழியாக இருந்தது.

அந்த வாரம் பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒன்பது. பட்டியலில் இல்லாத மற்ற ஐந்து பேரும் ஒவ்வொரு காரணமாகச் சொல்லி விலகத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஐவருக்கு ஐவர் ஆடவே ஆளில்லாமல் போயிற்று.

தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். நாச்சியார் கோயில் பக்கம் ஒரு சந்து. முன்னறையில் தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசிய நீள்சதுரத் தடம் தரையில் இன்னும் தெரிந்தது. அதன்மேல் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்.

"அண்ணே, மூணு வாரமா வரலையே?"

"டூட்டி மாத்திட்டாங்க சார்."

அது உண்மையில்லை என்பது இருவருக்கும் தெரியும். காபி வந்தது. குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினோம். எழுந்து வாசலுக்கு வந்தபோதுதான் சொன்னார்:

"ஆட்டத்துல சேக்கலைன்னு வருத்தமில்ல சார். என் முட்டி எனக்குத் தெரியாதா? நேர்ல கூப்பிட்டு, 'அண்ணே, இந்தத் தடவை நீங்க வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வந்து சாமான வண்டியில ஏத்தி விட்டிருப்பேன். எனக்கு அந்த எழுத்தெல்லாம் சட்டுனு படிக்க வராது. மகதான் போன்ல படிச்சுச்சு. எட்டுப் பேரையும் படிச்சிட்டு, 'உன் பேரு எங்கப்பா?'ன்னு கேட்டுச்சு."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

*

அகத்திணை நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே தலைவன் என்ற சொல்லுக்கு அதிகாரம் செலுத்துபவன் என்று பொருளில்லை. பிழை செய்துவிட்டு வாசலில் நிற்பவன் அவன். ஊடல் தீர்க்கப் பாணனையும் பிறரையும் வாயிலாக அனுப்புவான். தோழி வாயில் மறுப்பாள். விளையாட்டுக் குழுவின் தலைவனுக்கு நம் மொழி தந்திருக்கும் முன்மாதிரி புறத்திணை வேந்தன் அல்லன், இந்த அகத்திணைத் தலைவன்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. காரணம் எளிது. வேந்தனின் படையில் இருப்பவன் விலக முடியாது. நம் திடலுக்கு வருபவன் நாளைக்கே வராமல் இருக்கலாம்.

பள்ளி அணியில் உடற்பயிற்சி ஆசிரியரின் விசிலும் சான்றிதழும் இருக்கின்றன. கல்லூரி அணியில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. தொழில்முறை அணியில் ஊதியம் இருக்கிறது. வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்கள் பொழுதுபோக்காகக் கூடும் அணியில் இவற்றில் எதுவும் இல்லை. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் கேட்பார் யாருமில்லை. அப்படிப்பட்டவர்களைத் தலைவன் என்பவன் எதைக் கொண்டு கட்டி வைத்திருக்கிறான்? நாளைக்கும் வரலாம் என்ற அவர்களுடைய விருப்பம் ஒன்றைத் தவிர அவன் கையில் வேறு அதிகாரம் இல்லை. அதை வளர்ப்பதும் காப்பதும்தான் அவனுடைய வேலை. மற்ற வியூகங்களெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இடத்தில் கிரிக்கெட் அன்பர்கள் மைக் பிரியர்லியை நினைவுபடுத்துவார்கள். 39 டெஸ்ட் ஆட்டங்களில் ஒரு சதம்கூட அடிக்காதவர், சராசரி 22.88. ஆனால் தலைமை தாங்கிய 31 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 தோல்விதான். 1981இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் லார்ட்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு போத்தம் தலைமையை விட்டு விலக, பிரியர்லி திரும்ப அழைக்கப்பட்டார். அடுத்த ஹெடிங்லி ஆட்டத்தில் இங்கிலாந்து ஃபாலோ ஆன் வாங்கியது. தலைமைச் சுமை நீங்கிய போத்தம் ஆட்டமிழக்காமல் 149 எடுத்தார். வில்லிஸ் 43 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் வீழ்த்தினார். 18 ஓட்டங்களில் வெற்றி. பிரியர்லி பிற்பாடு உளப்பகுப்பாய்வாளர் ஆனார் என்பது தற்செயல் அன்று. ஆடத் தெரிந்தவனே தலைவனாக வேண்டும் என்பதில்லை, ஆட்களைத் தெரிந்தவன் தலைவனாகலாம் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பிரியர்லியின் ஆட்கள் தேசிய அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அணியை விட்டு அவர்கள் எளிதில் போக மாட்டார்கள். அவர் செய்ய வேண்டியிருந்தது அவர்களிடமிருந்து ஆட்டத்தை வெளிக்கொணர்வது. எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது ஆட்களை வீட்டிலிருந்து வெளிக்கொணர்வது. இது அதைவிடக் கடினம் என்று சொன்னால் பிரியர்லி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

*

உறையூருக்கும் விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு பூப்பந்தைவிடப் பழையது. புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழனைப் பற்றியவை. உறையூரை ஆண்ட தித்தனின் மகன் அவன். தந்தையோடு மனம் வேறுபட்டு ஊரைப் பிரிந்து, கூழ் உண்டு வாழ்ந்த நாளில், முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றான். முதல் மூன்று பாடல்கள் சாத்தந்தையாருடையவை. அடுத்த மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாருடையவை. தமிழில் ஒரு விளையாட்டு ஆட்டத்தைப் பற்றிய மிகப் பழைய நேர்முக வருணனை இதுவாகத்தான் இருக்கும். ஒரு முழங்காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றியதையும், மற்றொரு காலால் அவன் சூழ்ச்சியை முறியடித்ததையும் சாத்தந்தையார் சொல்கிறார். சொல்லிவிட்டு, மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதைத் தந்தை தித்தன் பார்க்கட்டும் என்று விரும்புகிறார். வென்றவனுக்கு வேண்டியிருந்தது பரிசிலன்று, வீட்டிலுள்ள ஒருவரின் பார்வை. 'உன் பேரு எங்கப்பா?' என்ற கேள்வியைக் கேட்டபின் இந்தப் பாடலை என்னால் பழையபடி நடத்த முடியவில்லை.

82ஆம் பாடலில் வேறொரு வியப்பு. மற்போரின் வேகத்துக்கு உவமை தேடிய புலவர் ஒரு தொழிலாளியின் கையைக் கண்டெடுக்கிறார். ஊரில் விழா. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறவன் கையிலுள்ள ஊசி எத்தனை விரைவாக ஓடும்! அவ்வளவு விரைந்தது அந்தப் போர் என்கிறார். அரசிளங்குமரனின் வேகத்தைச் சொல்ல, வீட்டுக்கு ஓட வேண்டிய ஓர் உழைப்பாளியின் கை தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உழைப்பாளியைக் குறிக்கப் பாடல் ஆள்வது பிறப்பை இழித்துரைக்கும் ஒரு சொல்லை. உவமைக்கு அவன் வேண்டும். மரியாதைக்கு அவன் வேண்டாம்.

வலை பின்னும் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒரு பொழுதுபோக்கு அணியில் யார் ஆடுகிறார்கள் என்பதைவிட, யார் கோடு போடுகிறார்கள், யார் தண்ணீர் தெளிக்கிறார்கள், யார் தேநீர் வாங்கி வருகிறார்கள் என்பதைக் கவனித்தால் அந்த ஊரின் அடுக்குமுறை தெரிந்துவிடும். திடலில் சாதி இல்லை, பணம் இல்லை, பந்து மட்டுமே இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2009இல் வந்த 'வெண்ணிலா கபடி குழு'வும் 2024இல் வந்த 'லப்பர் பந்து'வும் அந்தப் பெருமை எவ்வளவு தூரம் மெய் என்று கேட்ட படங்கள். எங்கள் திடலில் யாரும் யாரையும் இழிவாகப் பேசியதில்லை. ஆனால் பேராசிரியர் கோடு போட்டதில்லை, வங்கி ஊழியர் வலை கட்டியதில்லை. மனமுவந்து செய்கிறார் என்ற ஒரு சொல்லுக்குள் நாங்கள் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தோம்.

நக்கண்ணையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 85ஆம் பாடலில் வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும் இல்லை என்று இன்னொரு சாராரும் ஆரவாரிக்கிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வெல்வதைப் பார்க்கிறாள். ஆட்டத்தை அவளைப் போல் உற்றுப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அவள் நிற்க வேண்டிய இடம் மரத்தடி. எங்கள் திடலைச் சுற்றி நடைப்பயிற்சி செய்யும் பெண்களில் சிலர் பள்ளிக் காலத்தில் பூப்பந்து ஆடியவர்கள். "நாங்களும் ஒரு செட் ஆடலாமா சார்?" என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். அன்று நாங்கள் எல்லோரும் சிரித்து மழுப்பினோம். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு மணிக்குமேல் களம் அவர்களுடையது. வாரத்தில் ஒருநாள் போதுமா என்று கேட்டால், போதாது என்பதே நேர்மையான பதில்.

*

இனி மறுதரப்பு. என் நண்பரொருவர் கேட்டார்: "அப்படியானால் திறமைக்கு மதிப்பே வேண்டாமா? எல்லாரையும் தழுவிக்கொண்டிருந்தால் ஆட்டம் என்னாவது?" நியாயமான கேள்வி. தறிக்காரர் வீட்டிலிருந்து திரும்பிய குற்றவுணர்வில் நான் எதிர்த்திசையில் போய்விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். சில மாதங்கள் எல்லாருக்கும் சம வாய்ப்பு, யாரையும் திருத்துவதில்லை, எண்ணிக்கைகூட வைத்துக்கொள்வதில்லை என்று நடத்தினோம். ஆட்டம் அரட்டையாயிற்று. நன்றாக ஆடும் இளைஞர்கள் மூவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளரங்க இறகுப்பந்துக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தன் திறமைக்கு ஈடுகொடுக்கும் ஆட்டத்தைத் தேடுவது பிழையன்று. ஆட்டத்தை மதிக்காத அன்பும் ஆட்களை விரட்டிவிடும்.

ஆகவே 52ஐ விட்டுவிட்டு 53ஐப் பிடித்துக்கொள்வது தீர்வன்று. தேர்வு வேண்டும், தேர்ந்த பிறகு, தேர்வாகாதவன் முகத்தைப் பார்க்கவும் வேண்டும். உரையாசிரியர்கள் சுற்றம் என்பதற்கு அரசனின் கிளைஞர் என்று பொருள் கொள்வார்கள். நான் சற்று விரித்துக்கொள்கிறேன்: வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் போக மிச்சம் நிற்கிறார்களே, அவர்களும் சுற்றம். வள்ளுவர் இந்த எண்ணத்தில்தான் வரிசைப்படுத்தினார் என்று நான் சாதிக்க வரவில்லை. 52ஆம் அதிகாரத்தைச் செயல்படுத்திய கையோடு பக்கத்தைத் திருப்பாதவன் என்ன ஆவான் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நடைமுறையில் நாங்கள் கண்ட வழிகள் சில. பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மனத்தாங்கலுக்குப் பிறகு கிடைத்தது.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் போட்டி நாள். எண்ணிக்கை உண்டு, சமபலமான இரு அணிகள், கடுமையான ஆட்டம். மற்ற நாள்களில் வருகிற வரிசையில் களம். இன்று எந்த நாள் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்துவிட்டால் வருத்தத்தில் பாதி குறைந்துவிடுகிறது. வெளியூர்ப் போட்டிக்கு ஆள் எடுப்பதென்றால் எந்த அளவுகோலில் எடுக்கிறோம் என்பதை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுகிறோம். பெயரில்லாதவரிடம் தலைவனே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டியல் எழுத்தில் வரலாம். களத்தில் ஆள் மிகுந்தால் முதலில் வெளியே உட்காருவது தலைவன். தவறான அடியைப் பற்றி ஆட்டத்தின் நடுவே யாரும் கத்தக் கூடாது. தேநீர்க் கடையில் தனியாகச் சொல்லலாம். ஒருவர் மூன்று நாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது. முதல் கேள்வி வருகைப் பதிவேடு, இரண்டாவது உறவு. பெரியவர்கள் வராமல் போவதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அரிது. தாயின் மருத்துவமனைச் செலவு, மகளின் தேர்வு, முதலாளியின் சுடுசொல் என்று ஏதோ ஒன்று இருக்கும். மழையில் கட்டில் பின்னுகிறவன் நிலைமைதான் எல்லாருக்கும்.

கடைசி விதி: கோடு போடுவதும் வலை கட்டுவதும் முறை வைத்து. பதினான்கு பேருக்கும் முறை வரும். ஓய்வு பெற்றவருக்கும் உண்டு, பேராசிரியருக்கும் உண்டு.

இத்தனை விதிகளுக்குப் பிறகும் சென்ற மூன்று பேரும் திரும்பவில்லை. ஒருவர் மட்டும் எப்போதாவது வந்து போகிறார். இழந்ததையெல்லாம் மீட்டுத்தரும் விதி எதுவும் கிடையாது.

*

தறிக்காரர் திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார், உடனே அல்ல. ஒருநாள் ஓரமாக வந்து நின்று வேடிக்கை பார்த்தார். மறுவாரம் வலையில் ஒரு கிழிசலைப் பார்த்துவிட்டு ஊசி கேட்டார். ஆட்டோக்காரத் தம்பி, "அண்ணே, எனக்குக் கத்துக் குடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த நாள் மட்டையோடு வந்தார்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடுவதாக இல்லை. அந்தப் பொங்கல் போட்டியில் நாங்கள் கோப்பையோடு திரும்பியிருந்தால் நான் அந்தச் சந்துக்குப் போயிருப்பேனா? கோப்பையை நடுவில் வைத்துப் படமெடுத்து, அதையும் அதே வாட்ஸப் குழுவில் போட்டிருப்பேன். எட்டுப் பேர் நிற்கும் அந்தப் படத்தை ஒரு பெண் தன் அப்பாவுக்குக் காட்டியிருப்பாள். கோடு போட வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தியிருப்போம். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்பியிருப்போம். தோல்வி எங்களுக்குச் செய்த உதவியை வெற்றி செய்திருக்காது.

சென்ற வியாழக்கிழமை கோடு போடுவது என் முறை. நான் குனிந்து போட்டுக்கொண்டு வர, அவர் இடுப்பில் கைவைத்தபடி பின்னாலேயே நடந்து வந்தார். மூலைக்கு வந்ததும் சொன்னார்:

"சார், இந்த வளைவுல பந்து விழுந்தா உள்ளயா வெளியவான்னு இன்னிக்குச் சண்டை நிச்சயம்."

சண்டை வந்தது. இரண்டு முறை வந்தது. ஆனால் அன்று பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள்.